ஞாயிற்றுக்கிழமைப் புண்ணியவான்

அனந்தலக்ஷ்மிக்குப் பெயர் பெரிது, ஆள் சிறிது. ஐந்தாம் வகுப்பு டீச்சர் பெயர் கூப்பிடும்போது “அனந்த” என்று சொல்லி, கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, “லக்ஷ்மி” என்பார். வீட்டில் அவ்வளவு பொறுமை யாருக்கும் கிடையாது. அங்கே அவள் அனந்து.

தில்லி கிட்வாய் நகரில் அவர்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு பூங்கா இருந்தது. பூங்கா என்றதும் ஊஞ்சலையும் ரோஜாச் செடியையும் நினைத்துவிடாதீர்கள். அது ஒரு பாறை மேடு. எங்கு பார்த்தாலும் கீகர் என்கிற முள்மரம். நடுநடுவே மயில்கள் கத்தும். மேட்டைச் சுற்றிச் சுற்றி ஒரு நடைபாதை ஏறி, அந்தப் பக்கம் இறங்கும்.

அந்தப் பாதையைச் சீர் செய்ய ஞாயிற்றுக்கிழமை காலையில் காலனிக்காரர்கள் கிளம்புவார்கள். அதற்குப் பெயர் சிரமதானம். சம்பளம் கிடையாது. ஆனால் நடுவில் சூடான டீயும் வறுத்த வேர்க்கடலையும் உண்டு. அனந்துவின் தம்பி வைத்தி கடலைக்காகவே வருகிறவன்.

தலைவர் பக்கத்து வீட்டு குர்பக்ஷ் சிங். ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் “சலோ!” என்றால் மண்வெட்டிகள் தானாகவே எழுந்து நிற்கும். அனந்துவின் அப்பா ராமசுப்ரமணியன் மத்திய அரசு ஆபீசில் வேலை பார்ப்பவர். அவர் ஒரு கல்லை நகர்த்துவதற்குள் நாலு பேரிடம் அபிப்பிராயம் கேட்டுவிடுவார்.

பாதையில் ஒரே ஒரு தொல்லை. மேட்டின் ஒரு சரிவில் யாரோ நேராக ஏறி ஏறிக் குறுக்குவழி உண்டாக்கியிருந்தார்கள். அங்கே புல் செத்துப் போயிற்று. குளிர்கால மழை கொஞ்சம் பெய்தாலும் மண் சரிந்து கீழே இருக்கும் பாதையை மூடிவிடும். வாரி எடுத்தால் அடுத்த மழைக்கு மறுபடியும் வந்துவிடும்.

“குறுக்குவழியில முள்ளை வெட்டிப் போட்டுட்டா யார் வருவா?” என்றாள் அனந்து.

சுபேதார் மீசையை முறுக்கினார். “ஷாபாஷ் பேட்டி! என்ன மூளை, மகளே!” என்று ஹிந்தியில் முழங்கினார்.

அன்றே கீகர் கிளைகளை வெட்டி இழுத்து வந்து சரிவின் குறுக்கே போட்டார்கள். ‘அனந்தலக்ஷ்மியின் யோசனை’ என்று சுபேதார் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். பால் பூத்தில்கூடச் சொன்னார். அனந்துவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தால் ஒரு முள்ளைக்கூடக் காணோம்!

மறுபடி வெட்டிப் போட்டார்கள். மறுபடியும் காணோம். ஹோலிப் பண்டிகைக்குச் சொக்கப்பனை கொளுத்தப் பையன்கள் விறகு சேர்க்கும் காலம் அது. எல்லாருக்கும் அவர்கள் மேல்தான் சந்தேகம். ஆனால் அவர்கள் குவித்து வைத்திருந்ததில் உடைந்த நாற்காலியும் பழைய கதவும்தான் இருந்தன.

மூன்றாம் தடவையாக முள்ளைப் போட்டபோது சுபேதாருக்குக் கோபம் வந்துவிட்டது. “அடுத்த ஞாயிறு இரும்பு முள்கம்பி அடிக்கிறோம். பார்க்கலாம், அதை யார் தின்கிறார்கள் என்று!”

அனந்துவுக்கு அவரைவிடக் கோபம். காணாமல் போனது அவளுடைய யோசனை அல்லவா? சனிக்கிழமை அரை நாள் பள்ளி. புத்தகப் பையை வைத்துவிட்டு, வைத்தியையும் கூட்டிக்கொண்டு, சரிவுக்கு அருகே ஒரு பாறைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

“திருடன் வந்தா நான் கடிச்சுடட்டுமா?” என்று கேட்டான் வைத்தி.

“வாயை மூடிண்டு இருந்தாப் போறும்.”

சிறிது நேரத்தில் ஆள் வந்துவிட்டது. அனந்து வயதுதான் இருக்கும், ஒரு பெண். இடுப்பில் நிறைகுடம். சரிவின் அடியில் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, மிச்சமிருந்த முள்கிளைகளை ஒவ்வொன்றாக இழுத்துக் கட்டத் தொடங்கினாள்.

“சோர்! சோர்! திருடன்!” என்று கத்துவதற்காக அனந்து வாயைத் திறந்தாள். அதற்குள் அந்தப் பெண்ணின் விரலில் முள் ஏறிவிட்டது.

“ஐயோ, அம்மா!” என்றாள் அவள்.

அனந்துவின் வாய் திறந்தபடியே நின்றது. தில்லித் திருடனுக்குத் தமிழ் தெரியும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. பாறைக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தாள்.

“நீ தமிழா? எதுக்கு எங்க முள்ளைத் திருடறே?”

“நான் ஒண்ணும் திருடலை!” அந்தப் பெண் விரலைச் சப்பிக்கொண்டே முறைத்தாள். “வழியில கெடந்துச்சு. அடுப்பெரிக்க எடுக்கறேன். யாரோ ஒரு புண்ணியவான் ஞாயித்துக்கெழமைக்கு ஞாயித்துக்கெழமை எங்களுக்காக விறகு வெட்டிப் போட்டுட்டுப் போறாரு. எங்கம்மா தெனமும் அவரை வாழ்த்திக்கிட்டுத்தான் சோறாக்குது.”

அனந்துவுக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது. “அந்தப் புண்ணியவான் நான்தான்” என்றாள் மெதுவாக.

அந்தப் பெண்ணின் பெயர் பொன்னி. ஆசிய விளையாட்டுப் போட்டிக்காக ஊர் முழுக்கப் பாலம் கட்டிக்கொண்டிருந்த சமயம். பொன்னியின் அம்மாவும் அப்பாவும் தர்மபுரியிலிருந்து அந்த வேலைக்கு வந்தவர்கள். மேட்டுக்கு அந்தப் பக்கம் அவர்களுடைய குடிசை. குழாயோ மேட்டுக்கு இந்தப் பக்கம், தோட்டக்காரரின் கொட்டகைக்குப் பக்கத்தில்.

“சுத்துப் பாதையில போனா என்ன?” என்று கேட்டாள் அனந்து.

“நெறகுடத்தோட சுத்திப் போய்ப் பாரு, இடுப்பு சொல்லும்” என்றாள் பொன்னி.

“நாளைக்கு இங்கே முள்கம்பி போடப்போறா.”

பொன்னியின் முகம் சுருங்கிவிட்டது. “கம்பியா? சுத்துப் பாதை நம்மால ஆகாது. அப்பறம் ரோட்டு வழிதான். அங்க லாரிங்க கண்ணு மண்ணு தெரியாம வரும், என்னைய அம்மா விடாது. அம்மாவேதான் வேலைய விட்டுட்டு வந்து தண்ணி சொமக்கணும். அப்படி வந்தா மேஸ்திரி நின்னுக்கச் சொல்லிடுவாரு.”

அனந்து குடத்தைப் பார்த்தாள். “குடு, நான் ஒரு தரம் ஏறிப் பாக்கறேன்.”

குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு சரிவில் ஏறினாள். மண் காலுக்குக் கீழே பொலபொலவென்று சரிந்தது. ஓர் இடத்தில் மட்டும் தட்டையான கல் ஒன்று புதைந்திருந்தது. அதில் கால் வைத்தபோது காலும் வழுக்கவில்லை, மண்ணும் நகரவில்லை. அடுத்த அடியில் சறுக்கிப் பாதித் தண்ணீரைத் தன் மேலேயே கொட்டிக்கொண்டாள். வைத்தி கைதட்டினான். பொன்னி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அனந்து நனைந்த பாவாடையைப் பிழிந்துகொண்டே அந்தக் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். சரிவு முழுக்க இப்படிக் கல் இருந்தால்?

வீட்டுக்குப் போகும்போது மனம் பாடாய்ப் படுத்தியது. வேலி தப்பு என்று சொன்னால் தன் யோசனையே தப்பு என்றாகிவிடுமே! பால் பூத் வரைக்கும் பரவிவிட்ட பெருமை. அதை விட்டுக்கொடுக்க யாருக்குத்தான் மனசு வரும்? ஆனால் பொன்னியின் சுருங்கிப்போன முகம் அவளை விடவில்லை.

மறுநாள் சுபேதார் முள்கம்பிச் சுருளோடு வந்து நின்றார். அனந்து அவர் முன்னால் போய் நின்றாள்.

“அங்கிள், கம்பி வேண்டாம். என் யோசனை தப்பு.”

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அனந்துவுக்குக் காது சூடாகிவிட்டது. ஆனாலும் பொன்னியைப் பற்றியும் குடத்தைப் பற்றியும் ஒன்று விடாமல் சொன்னாள். “அவங்க திருடலை அங்கிள். நாமதான் நடுவழியில விறகை வெச்சோம்” என்று முடித்தாள்.

“ஆனா, இத்தனை நல்ல பாதை இருக்கச்சே...” என்று அப்பா இழுத்தார்.

“அப்பா, நீ ஒரு வாளித் தண்ணியோட இந்தச் சரிவில ஏறிப் பாரேன்!”

அப்பா பக்கத்தில் நின்றவரின் அபிப்பிராயத்தைக் கேட்கத் திரும்பினார். அதற்குள் சுபேதார் குழாயில் ஒரு வாளித் தண்ணீர் பிடித்துத் தூக்கிக்கொண்டு ஏறத் தொடங்கிவிட்டார். “மலையெல்லாம் ஏறியவன் நான்! இது என்ன பிரமா...”

பிரமாதத்தின் கடைசி எழுத்து வருவதற்குள் அவர் சேற்றில் உட்கார்ந்திருந்தார். வாளி உருண்டு அப்பாவின் காலடியில் வந்து நின்றது. யாரும் சிரிக்கத் துணியவில்லை. முதலில் சிரித்தவர் சுபேதார்தான்.

“அச்சா, பேட்டி. வேலி வேண்டாம். வேறு என்ன செய்யலாம்?”

“படி!” என்றாள் அனந்து. “கல்லு இருக்கற இடத்துல மண்ணு சரியலை அங்கிள், நான் பார்த்தேன்.”

“சலோ!”

சிலர் கல் உருட்டினார்கள், சிலர் குழி வெட்டினார்கள். அப்பாகூட யாரையும் கேட்காமல் ஒரு பெரிய கல்லை நகர்த்தினார். சுபேதார் கட்டிய முதல் படிகள் பட்டாளத்துக்காரர் ஏறுகிற உயரத்தில் இருந்தன. அனந்து ஓடிப்போய்ப் பொன்னியை அழைத்து வந்தாள். பொன்னி குடத்தோடு ஏறிப் பார்த்து, “இது குதிரைக்குக் கட்டினதா?” என்று கேட்டாள். அனந்து அதை ஹிந்தியில் சொன்னதும் சுபேதார் ஒரு பெருமூச்சு விட்டார். படிகளைப் பெயர்த்துத் தாழ்வாக வைத்தார்கள். வெட்டிய கிளைகளை மேட்டின் மேல் ஓரமாக அடுக்கினார்கள், குடிசைக்காரர்கள் முள் குத்தாமல் எடுத்துக்கொள்வதற்கு.

வெயில் ஏறிவிட்டது. டீ எப்போதோ தீர்ந்துபோயிற்று. எல்லாருக்கும் நாக்கு வறண்டு கிடந்தது.

அப்போது பொன்னி புதுப் படிகளில் நிறைகுடத்தோடு ஏறி வந்தாள். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. மேலே வந்ததும் குடத்தை அவர்கள் நடுவில் இறக்கி வைத்தாள். “குடிங்க” என்றாள்.

சுபேதார் கையைக் குவித்து வாங்கிக் குடித்தார். அப்பா குடித்தார். வைத்தி இரண்டு தடவை குடித்தான். எல்லாரும் குடித்து முடித்தபோது குடம் காலி.

“ஐயையோ, உங்காத்துக்கு?” என்றாள் அனந்து.

“அதனால என்ன? இன்னொரு நடை போனாப் போச்சு. இப்பத்தான் படி இருக்குதே!”

பொன்னி குடத்தை எடுத்துக்கொண்டு இறங்கினாள். அனந்துவும் காலி வாளியைத் தூக்கிக்கொண்டு கூடவே இறங்கினாள்.