விரிசல் கேட்கும் காது

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கமலம் பீங்கான் பட்டறையின் தகரக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். கையில் மஞ்சள் பை. பைக்குள் ஒரு முழ நீளத்துக்கு லாரியின் ஸ்பிரிங் பட்டை.

சூளைக்காரன் நடராசன் நாலு தீச்செங்கல்லை அடுக்கி, கரி கொட்டி, காற்று ஊதும் புளோயரை மாட்டி வைத்திருந்தான்.

"ஏன்க்கா, கொல்லன்கிட்ட குடுத்தா ஒரு மணி நேரத்துல அடிச்சுக் குடுத்துடுவான். போன்ல வீடியோ பாத்துட்டு நீங்க கத்தி செய்யப் போறீங்களாக்கும்?"

"இனியாவுக்குக் கல்யாணத்துக்கு அவ அப்பா லாரியில இருந்து ஏதாவது ஒண்ணு வேணுமாம். இதுதான் மிஞ்சிக் கெடக்குது. பட்டைய அப்படியேவா தூக்கிக் குடுக்க முடியும்? கத்தியா அடிச்சா காய் நறுக்கவாவது ஆவும்."

"சீர்வரிசையில கத்தியா! மாப்பிள்ள பாரதி தாலி கட்டுன கையோட ஓடப் போறாரு."

கமலம் பட்டையை எடுத்துக் கீழே வைத்தாள்.

இருபது வருஷமாக அவளுக்கு இங்கே ஒரே வேலை. சூளையிலிருந்து வரும் பீங்கான் ஃபியூஸ் கட்டைகளை எடுத்து, ஸ்பூன் காம்பால் தட்டிக் கேட்பாள். 'டிங்' என்றால் நல்லது. 'டொக்' என்றால் உள்ளே விரிசல். கண்ணுக்குத் தெரியாது, அவள் காதுக்குத் தெரியும்.

புருஷன் சாமிதுரை லோடு ஏற்றிக்கொண்டு கிளம்பும்போதெல்லாம் அவளைச் சக்கரத்துக்கு மேலிருக்கும் ஸ்பிரிங் பட்டைக்குப் பக்கத்தில் குந்த வைப்பான். "கமலம், தட்டிப் பாரு. நல்லா இருக்குதா?"

கடைசியாக அவன் கேட்டது ரெண்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு விடியற்காலை. முந்தின நாள் சாயங்காலம்தான் பாரதியோடு பேசினாள் என்று மகள் இனியாவைப் பெல்ட்டால் விளாசியிருந்தான். பிள்ளை குப்புறப் படுத்து முனகிக்கொண்டிருந்தது. கமலம் பட்டையைத் தட்டினாள்.

டொக்.

"நல்லாதான் இருக்குது. போயிட்டு வாங்க."

வேப்பூர் தாண்டியதும் பட்டை ஒடிந்தது. லாரி கவிழ்ந்தது. அவனோடு அந்த பெல்ட்டும் சுடுகாட்டில் எரிந்தது. தான் கேட்ட சத்தத்தைக் கமலம் யாரிடமும் சொல்லவில்லை. அத்தனை அடி வாங்கிய இனியா இன்னமும் அப்பா போட்டோவுக்குப் பூ வைக்கிறாள்.

நடராசன் அந்தப் பட்டையின் ஒடிந்த முனையைக் கட்டரில் அறுத்துப் போட்டான். மிச்சத்தைக் கமலம் தலைப்புக்கும் நடுவுக்கும் வாலுக்கும் தட்டிப் பார்த்தாள். டிங், டிங், டிங். மகள் வீட்டுக்குள் நுழையும் இரும்பில் மயிரளவு விரிசல்கூட இருக்கக் கூடாது. அதற்குத்தான் கொல்லனிடம் போகாமல் தானே செய்ய வந்தாள்.

"சாயங்காலம் கடைசியா பழுக்கக் காய்ச்சி அந்த எண்ணெய் வாளியில முக்குங்க. இந்தப் பக்கம் இருக்கறது தண்ணி. மறந்துகூட தண்ணியில முக்கிடாதீங்க, விரிஞ்சுடும். நான் வூட்டுக்குப் போய் சாப்புட்டுத் தூங்கிட்டு வரேன்."

அவன் போனான். கமலம் அடித்தாள். சுத்தியல் ஓங்குவதற்குள் இரும்பு கறுத்தது. நேராக அடித்தால் முனை கோணிக்கொண்டு போனது. கோணலை நிமிர்த்தினால் முதுகு வளைந்தது. கை கொப்பளித்து, கொப்பளம் உடைந்தது. எப்படியோ அரத்தால் ராவி ராவி, பிடி போடாத ஒரு மொட்டைக் கத்தி வந்தது. அதைக் கடைசியாகத் தீயில் வைத்தாள். கிடுக்கியால் எடுத்தபோது பழுத்த மிளகாய் போலச் சிவந்திருந்தது.

பின்னால் சூளை. முந்தாநாளே காலி செய்து ஆறிக் கிடந்த சூளை.

அதற்குள்ளிருந்து ஒரு சத்தம்.

டொக்.

எலி என்று நினைத்தாள்.

டொக். டொக்.

டீசல் வாசனை வந்தது. கூடவே பீடி வாசனை.

"கமலம்… தட்டிப் பாரு. நல்லா இருக்குதா?"

அவள் திரும்பவில்லை. கை மட்டும் தானாகக் கிட்டத்தில் இருந்த வாளிக்குப் போனது.

தண்ணீர் வாளி.

சொய்யென்று சீறியது. முகத்தை மூடிய ஆவிக்குள், நகம் ஒடிவது போல ஒரு சின்னச் சத்தம். டிக்.

தட்டிப் பார்த்தாள். டொக்.

"விரிஞ்சிருக்குது," என்றாள். "அன்னிக்கும் விரிஞ்சுதான் இருந்துது. எனக்குக் கேட்டுது. கேட்டுதான் அனுப்புனேன்."

உள்ளே யாரோ நீளமாகப் புகை விட்டதுபோல் சாம்பல் சூளை வாயிலில் வந்து படிந்தது.

கொல்லைப்புறம் உடைந்த பீங்கான் குவியல் ஆள் உயரத்துக்குக் கிடக்கும். முழங்கை வரை கீறிக்கொண்டு கத்தியை அதற்குள் புதைத்தாள். எதிரே வந்த நடராசனிடம், "தண்ணியில முக்கிட்டேன்டா" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தாள்.

"படிச்சுப் படிச்சு சொன்னேன்ல! வுடுங்கக்கா, வேற பட்டை வாங்கிச் செய்யலாம்."

ஜங்ஷன் ரோட்டைத் தாண்டி வீடு வந்து சேர்ந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. இனியா தரையில் உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"சூப்பரா செஞ்சிருக்கம்மா! என்னா கூரு!"

கோணல் முனை. வளைந்த முதுகு. அவள் கத்தியேதான்.

"யாருடி குடுத்தா?"

"யாரும் கையில குடுக்கல. கதவத் தட்டுனாங்க. தொறந்தா ஆள் இல்ல, இது வாசப்படியில இருக்குது. கத்திய கைக்குக் கை குடுக்கக் கூடாதுன்னு தெரிஞ்சவங்க போல. கீழ வெச்சுட்டுப் போயிட்டாங்க."

கத்திக்குப் பிடி இருந்தது. தோல் சுற்றிய பிடி.

"அப்பா பெல்ட்ட எங்கம்மா ஒளிச்சு வெச்சிருந்த? தொட்டா இப்பவும் முதுகு கூசுது. இருந்தாலும் அப்பாவோடதுதான?"

கமலம் கத்தியைப் பிடுங்கி விரல் கணுவால் தட்டினாள்.

டிங்.

மறுபடி தட்டினாள். டிங். கோயில் மணி போலச் சுத்தமான சத்தம். விரிசல் இல்லை.

அப்படியானால் அது எங்கே போனது?

"ஏம்மா இப்படி முழிக்கற? அழுவுறியா?" இனியா எழுந்து வந்து அவளை இழுத்துக் கட்டிக்கொண்டாள். "உன் காது கேக்காததா? சொல்லு. நல்லா இருக்குதா?"

மகளின் நெஞ்சில் கமலத்தின் காது அழுந்தியது.

டொக்.