அடர்த்தி ஆயிரத்து அறுபது

நூற்றுக்கு மூன்றுதான் இடித்தது. வேறொருவனாக இருந்தால் தொலைகிறது என்று விட்டிருப்பான். தாமோதரனுக்கு விட மனசு வரவில்லை.

ராபர்ட்சன்பேட்டையில் அவனுக்குச் சின்னப் பட்டறை. குழாயில் ஓடும் தண்ணீரை அளக்கிற தகட்டுக்கு நடுத்துளை எத்தனை மில்லிமீட்டர் என்று மென்பொருளில் கணக்குப் போட்டு வெட்டிக் கொடுப்பான். அந்த 2001 கோடையில், மூடிக் கிடந்த தங்கச் சுரங்க ஷாஃப்ட் ஒன்றிலிருந்து தண்ணீர் இறைத்து, அவன் வீடு இருக்கும் ஆண்டர்சன்பேட்டைக்கு விட்டார்கள். தகடு அவனுடையது. சான்றிதழில் கையெழுத்தும் அவனுடையது. இப்போது மீட்டர் காட்டுவதைவிடத் தொட்டியில் நூற்றுக்கு மூன்று குறைவாகவே சேர்கிறதாம்.

திரையில் கட்டம் கட்டமாகப் பார்த்தான். குழாயின் உள்விட்டம் சரி. துளை சரி. அடர்த்தி ஆயிரம். அங்கே கை நின்றது. மாதிரித் தண்ணீரை நிறுத்துப் பார்த்த பிறகுதான் அந்த எண்ணைப் போட வேண்டும். தண்ணிதானே என்ற அலட்சியத்தில் மனப்பாடமாக அடித்துவிட்டிருந்தான். மாதிரிப் புட்டி பன்னிரண்டு நாளாக அலமாரியில் திறக்காமலே கிடந்தது.

எண்ணை ஏற்றி ஏற்றிப் பார்த்தான். ஆயிரத்து அறுபதில் கணக்கு நேரானது. அது ரத்தத்தின் அடர்த்தி. உப்பாக இருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டான். ஆனால் அந்தத் தண்ணீர் இனிக்கிறது என்றல்லவா ஊரே சொல்கிறது! நாலு மாதம் முழுகாமல் இருக்கும் மனைவி மமதாவுக்குக் கஞ்சிகூட வயிற்றில் தங்குவதில்லை. அது ஒன்றுதான் தங்குகிறது.

பம்ப் ஆபரேட்டர் பர்னபாஸ் வியர்த்து ஒழுக உள்ளே வந்தான்.

"சார், பம்ப ஆஃப் பண்ணிட்டேன். அப்பவும் கேஜ் முள்ளு ஏறி எறங்குது."

"காத்து அடச்சிருக்கும்பா."

"தண்ணியே நிக்கல சார். பைப்பு வேற சுடுது, ஜொரக்காரன் ஒடம்பாட்டம். இன்னா சார் அது?"

தாமோதரன் புட்டியை எடுத்தான். எடுத்த கையே கூசியது. நிழலில் பன்னிரண்டு நாள் கிடந்த கண்ணாடி, இப்போதுதான் யாரோ இடுப்பிலிருந்து அவிழ்த்துக் கொடுத்ததுபோல இளஞ்சூடாக இருந்தது. மூடியைத் திருகினான். கறிக்கடை கழுவிய வாடையும் திரிந்த பால் வாடையும் ஒன்றாக மூக்கில் ஏறின. உள்ளங்கையில் சாய்த்தான். பார்வைக்குத் தெளிவு. விரலால் தொட்டால் பிசுபிசுப்பு. மேலே மெல்லிய ஆடை. ஆடைக்குள் ஒரு முடி. முடியின் வேரில் வெள்ளையாகச் சதை.

காலையில் அவனும் இரண்டு டம்ளர் குடித்திருந்தான். வாசலுக்கு ஓடி வாந்தி எடுத்தான். வெளியே வந்த தண்ணீரும் சூடாக, தெளிவாக, பிசுபிசுவென்றே இருந்தது.

மமதா.

வண்டியை விரட்டினான். உச்சி வெயில். தெருக்குழாய்களில் வரிசை இல்லை. குடங்கள் மட்டும் நின்றன. எல்லாம் நிரம்பியிருந்தன. எல்லாவற்றிலும் ஆடை.

வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. அதே வாடை.

"மமதா, அத குடிக்காத!"

முற்றத்துக் குழாயடியில் குந்தியிருந்தாள். திரும்பவில்லை. குழாயின் வாயில் தன் வாயை வைத்திருந்தாள். உதட்டோரம் முடிக்கற்றை தொங்கியது. தோளைப் பிடித்து இழுத்தான். உதடு வரவில்லை. குழாயோடு ஒட்டியிருந்தது.

குழாயை மூடக் கையை வைத்தான்.

அது மூடித்தான் இருந்தது.

அவள் தொண்டை ஏறியது. இறங்கியது. ஏறியது.