மெரூன் வெல்வெட்டும் பித்தளைக் கச்சையும்

"இதை நான்தாங்க முதல்ல எடுத்தேன்..."

டெல்பின் நிமிர்ந்தாள். அவள் பிடித்திருந்த மெரூன் வெல்வெட்டின் மறுமுனை ஒரு நெட்டையன் கையில் இருந்தது. மழையில் நனைந்த முடி... இமைகளில் இன்னும் உதிராத துளிகள்... சிரிப்பை அடக்கும் கண்கள்.

"மூணு மீட்டர்தான். ஒந்தே பீஸ், ஒண்ணே ஒண்ணுதான்," என்றார் கடைக்காரர் மாதேஷ். "நீங்களே பேசிக்கோங்க."

பேசியபோதுதான் தெரிந்தது, இருவரும் ஒரே போட்டிக்குத் துணி வாங்க வந்தவர்கள். கிருஷ்ணகிரி நாடகக் குழு ஒன்று பாளையக்காரர் காலத்துக் கதையை மேடையேற்றுகிறது. போர்வீராங்கனை உடையும் அணிகளும் வீட்டிலேயே செய்து வர வேண்டும். ஜெயிப்பவருக்கு மொத்த நாடகத்தின் உடைகளையும் செய்யும் வேலை.

ஓசூர் கார்மெண்ட்ஸில் ஏழு வருடமாகச் சட்டைக் காலர் மட்டுமே தைத்த கை அவளுடையது. ஒரு முழு உடையைத் தைத்துக் காட்ட வேண்டும் என்ற வெறி.

"நீங்க டெய்லருங்களா?"

"லேத் ஆபரேட்டர். பேரு ராஜசேகர். பித்தளையில கச்சை, தோள்வளை எல்லாம் முடிச்சிட்டேன். துணி வேலை மட்டும்தான்... அது சுலபம்."

சுலபமாமே... அவளுக்குச் சுருக்கென்றது. ஆளுக்குப் பாதியாக வெட்டச் சொன்னாள். மழை விடும்வரை வாசலில் பேசியதில் போன் நம்பர் மட்டும் எப்படியோ கைமாறிவிட்டது.

அதன்பின் தினமும் ஷிப்ட் முடிந்ததும் தையல் மெஷின்தான். பழைய பட்டுப் புடவையைக் கிழித்து அங்கிக்கு உள்துணி கொடுத்தாள். அக்குளில் சதுரத் துண்டு வைத்தாள், வாள் வீச வேண்டுமே. கச்சைதான் வரவில்லை. அட்டையில் தங்கத்தாள் ஒட்டினால் மடங்கியது.

'கச்சை வேணும்னா நான் செஞ்சு தரட்டுங்களா?' என்று அவன் அனுப்பினான்.

'போட்டிக்காரர் தயவு வேண்டாம்' என்று அனுப்பிவிட்டாள். பிறகு அவனிடமிருந்து ஒன்றுமில்லை. அவள்தான் போனை எடுத்து எடுத்துப் பார்த்தாள்...

போட்டி நாள். குழுத் தலைவி நஞ்சம்மா ஒவ்வொரு உடையாக அணிந்து வாள் வீசினார். ராஜசேகரின் அங்கி, கையைத் தூக்கியதும் அக்குளில் கிழிந்தது. அரங்கம் சிரித்தது. அவன் தலைகுனிந்ததும் டெல்பினுக்கு ஏனோ வலித்தது.

அடுத்து அவளுடையது. நஞ்சம்மா சுழன்றார், அங்கியும் சுழன்றது. கை தடையின்றி உயர்ந்தது. அப்போது... அட்டைக் கச்சை அறுந்து, அதில் தொங்கிய வாளுறை தரையில் விழுந்தது.

முதலில் எழுந்தவன் ராஜசேகர். தன் பித்தளைக் கச்சையை மேடைக்கு எடுத்துப் போனான்.

"இதைக் கட்டிப் பாருங்க மேடம். அந்த உடை தோக்கக் கூடாது."

மறுபடி வாள் சுழன்றது. இம்முறை எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். நஞ்சம்மா டெல்பினின் பேரைச் சொன்னார்.

"கச்சை அவரோடதுங்க மேடம். எங்க ரெண்டு பேருக்கும் குடுங்க," என்றாள் அவள்.

"எனக்கும் அதுதான் தோணுது. இருபத்திரண்டு உடை... சேர்ந்தே செய்யுங்க," என்றார் நஞ்சம்மா.

வெளியே தூறல். பஸ் நிறுத்தம்வரை இருவரும் சேர்ந்தே நடந்தார்கள்.

"ஏங்க விட்டுக் குடுத்தீங்க?"

"நீங்க தைச்சதைப் பார்த்ததும் என் தோல்வி மறந்துபோச்சு..." அவன் அவள் பக்கம் திரும்பினான். "எனக்கு உங்களைப் புடிச்சிருக்குது டெல்பின். கடையிலயே புடிச்சுப்போச்சு."

அவள் கன்னம் சூடானது. ஆனால் பார்வையை விலக்கவில்லை.

"நாளையிலேர்ந்து தினம் எங்க வீட்டுக்கு வரணும்."

"வேலைக்குத்தானே?"

"அம்மாகிட்ட அப்படித்தான் சொல்வேன்," என்றாள் டெல்பின். "ஆனா வரச் சொல்றது எனக்காக."