பச்சையாகிப்போன பாட்டில்

மார்ச் 3, செவ்வாய்.

இன்று ஒரு தப்பு செய்துவிட்டேன். பாட்டில் மூடியைக் கீழே போட்டுவிட்டேன். உடனே அக்காவிடம் சொன்னேன். விழுந்த மூடியைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, புதுப் பெட்டியிலிருந்து வேறொரு மூடியை எடுத்துக் கழுவி மூடினேன். இரண்டு முறை கழுவினேன். மூன்று முறை கழுவியிருக்க வேண்டுமோ?

இதை எழுதியவள் ஆமை. அவள் இப்படித்தான். ஒரு தப்பைச் செய்தால் அதை எழுதிவைப்பாள். எழுதிவைத்தது சரிதானா என்று மறுபடி ஒருமுறை படித்துப் பார்ப்பாள். மாலை வகுப்பில் எல்லோரும் கையுறையைக் கழற்றி, பையை மாட்டி, படியிறங்கிப் போன பிறகும் அவள் மட்டும் மூடி இறுகியிருக்கிறதா என்று திருகிப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஆமை என்று அவளுக்குப் பட்டம் வைத்தது உடன் படிக்கும் ரேடியோ. ரேடியோவுக்கு அந்தப் பட்டம் ஏன் வந்தது என்று யாரும் கேட்டதில்லை. அவன் பேசுவதை நிறுத்தினால்தானே கேட்க முடியும்!

அந்த அறிவியல் வகுப்பு நடந்தது துறைமுகத்தை ஒட்டிய ஆராய்ச்சிக் கட்டடத்தின் இரண்டாவது மாடியில். நடத்தியவர் கப்பல் அக்கா. பாதி வருடம் கப்பலில் இருப்பார். மீதி வருடம் இங்கே. உலகத்தின் தென்கோடியில், பனிப்பாறை மிதக்கும் கடலுக்குப் போய்த் தண்ணீர் மொண்டு வருவது அவர் வேலை.

"அந்தக் கடல்ல எல்லாமே இருக்கு. கோடையில ராத்திரிகூட வெளிச்சம். பாசி சாப்பிட வேண்டிய சத்தும் ஏராளம். ஆனா பாசி மட்டும் சரியா வளர மாட்டேங்குது. ஏன்?" என்று முதல் நாளே கேட்டார் அக்கா.

"குளிருது!" என்றான் ரேடியோ.

"அது குளிர்லயே பொறந்த பாசிடா. அதுக்கு இரும்பு பத்தல."

ஒரு பெரிய போட்டி நீச்சல்குளம் நிறைய அந்தக் கடல்நீரை ஊற்றினால், அதில் கரைந்திருக்கும் இரும்பு முழுவதும் சேர்ந்து ஓர் அரிசிமணி எடைதான் வரும் என்றார் அக்கா. குளம் முழுவதற்கும் ஓர் அரிசிமணி! ஆமைக்குத் தம்பி ஞாபகம் வந்தது. போன வருடம் அவன் முகம் வெளுத்து, மாடி ஏறினால் மூச்சு வாங்கினான். மருத்துவர் இரும்புச் சத்து டானிக் கொடுத்தார். இப்போது அவன் வீட்டில் ஓடாத இடம் இல்லை, உடைக்காத பொருள் இல்லை. கடலும் ஒரு டானிக் கிடைக்காத தம்பிதான் போலிருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

வகுப்பில் நான்கு பாட்டில்கள். நான்கிலும் அக்கா கொண்டுவந்த கடல்நீர், அதே கடலின் பாசி. இரண்டில் மட்டும் ஒரு சொட்டு இரும்புக் கரைசல். அவை பாசி வளர்ந்து பச்சையாக வேண்டும். மற்ற இரண்டும் தெளிவாகவே இருக்க வேண்டும். தெளிவான பாட்டில்களில் ஒன்று வகுப்பிலிருந்த இரட்டைச் சகோதரிகளிடம் இருந்தது. இன்னொன்று ஆமைக்கும் ரேடியோவுக்கும்.

பாட்டில்கள் குளிர்அலமாரியில், விளக்கு வெளிச்சத்தில் இருந்தன. தினமும் மாலை அவற்றைத் தலைகீழாக்கி மெல்ல அசைக்க வேண்டும். அதற்காக அறையின் மூலையில் ஒரு பிளாஸ்டிக் கூடாரம். அதற்குள் போகும்போது வளையல் கூடாது, கொண்டை ஊசி கூடாது, காசு கூடாது. கட்டடக் கண்காணிப்பாளரான சாவி மாமா கூடாரத்துப் பக்கம் வந்தாலே எல்லோரும் கத்துவார்கள். அவர் இடுப்பில் ஒரு கிலோ சாவி தொங்கும்.

"என் சாவியில இருந்து இரும்பு பறந்து வருமாக்கும்!" என்று மாமா முறைப்பார்.

பத்து நாள் கழிந்தது. இரும்பு விட்ட பாட்டில்கள் இரண்டும் இளம்பச்சை ஆயின. எல்லோரும் கைதட்டினார்கள்.

ஆமையின் பாட்டிலும் பச்சையாகியிருந்தது. யாரும் கைதட்டவில்லை.

"நீங்க சொட்டு விட்டீங்களா?" என்றாள் இரட்டையரில் ஒருத்தி.

"இல்ல."

"அப்போ எப்படிப் பச்சையாச்சு?" என்றாள் இன்னொருத்தி.

"அதான் அன்னிக்கு மூடியைக் கீழ போட்டாளே!" என்றான் பின்னாலிருந்து ஒரு பையன். அவ்வளவுதான். வகுப்பு முழுவதும் அதையே பிடித்துக்கொண்டது.

கப்பல் அக்கா பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அவர் கண்கள் களைத்திருந்தன. இரண்டு வாரத்தில் வகுப்பின் கண்காட்சி. அது முடிந்ததும் கப்பல் கிளம்புகிறது. "தூசி பட்டிருக்கும்மா. தூசியிலயும் இரும்பு இருக்கு. எங்களுக்கே அடிக்கடி நடக்கும். பரவாயில்ல, விடு."

சாவி மாமா வாசலில் நின்றபடியே தீர்ப்புச் சொன்னார். "மூணு நல்ல பாட்டில் இருக்குல்ல? அது போதும். கெட்டுப்போனதைக் கொட்டிடுங்க. வர்றவங்க பாத்தா நமக்குத்தான் அசிங்கம்."

தூசியாகத்தான் இருக்குமோ? என் தப்புதானோ? ஒரு கணம் பாட்டிலைக் கொடுத்துவிடலாம் என்று கைகூட நீண்டது. அப்போதுதான் அவளுக்கு ஒன்று உறைத்தது.

"அக்கா, கீழ விழுந்த மூடி பாட்டில் மேல இல்லையே! அது குப்பைத் தொட்டிக்குப் போயிடுச்சு. குப்பையில கிடக்குற மூடி எப்படி பாட்டிலைக் கெடுக்கும்?"

ரேடியோகூட வாயை மூடினான்.

"அப்போ வேற ஏதாவது பட்டிருக்கும். விடும்மா," என்றார் அக்கா.

"விட மாட்டேன்," என்றாள் ஆமை. சொன்ன பிறகு அவளுக்கே திக்கென்றது. ஆனாலும் பாட்டிலை மார்போடு அணைத்துக்கொண்டாள். "இதைக் கொட்டவும் விட மாட்டேன். எதனால பச்சையாச்சுன்னு தெரியட்டும்."

படியிறங்கும்போது ரேடியோ அவள் காதருகே வந்தான். "ஒரு ஐடியா சொல்றேன். இந்தத் தண்ணியைக் கொட்டிட்டு, சும்மா உப்புத்தண்ணி ஊத்தி வெச்சிடலாம். பளிச்சுன்னு இருக்கும். யாருக்கு என்ன தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியுமே."

"நீ ஒருத்திதானே!"

"உனக்கும் தெரியும். நீ வாயை மூடிக்கிட்டு இருப்பியா?"

ரேடியோ யோசித்தான். "சத்தியமா முடியாது," என்று ஒப்புக்கொண்டான்.

அன்று இரவு சாப்பிடும்போது ஆமை தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா சலவைக்கூடத்தில் வேலை முடித்து அப்போதுதான் வந்திருந்தார். அவர் புடவையில் சோப்பு வாசனை.

"என்னடி, தட்டுல கோடு எண்ணிக்கிட்டு இருக்கே?"

ஆமை எல்லாவற்றையும் சொன்னாள். அம்மா சிரித்தார். "எங்க சலவைக்கூடத்துலயும் இதே கதைதான். போன மாசம் வெள்ளைத் துணியெல்லாம் ரோஸ் ஆயிடுச்சு. ஆளாளுக்கு என்னைத்தான் முறைச்சாங்க."

"நீ என்ன செஞ்ச?"

"என்ன செய்வேன்? அன்னிக்கு மட்டும் புதுசா எந்தத் துணி உள்ள போச்சுன்னு தேடினேன். கிடைச்சுது ஒரு சிவப்புக் காலுறை!"

புதுசா உள்ள போனது. ஆமை நிமிர்ந்தாள். மற்ற மூன்று பாட்டில்களுக்கும் பழைய வெள்ளை மூடி. அவளுடையதற்கு மட்டும் புதுப் பெட்டி மூடி. துருவின் நிறத்தில், பழுப்பாக இருக்கும் மூடி!

மறுநாள் அவள் புதுப் பெட்டியைப் பார்த்தபோது சாவி மாமாவும் அங்கே இருந்தார்.

"மூடியைக் குறை சொல்றியா?" மாமாவுக்கு மூக்கு விடைத்தது. "நான் தேடித்தேடி வாங்கினது. கப்பல்ல எல்லாமே வெள்ளை. வெள்ளை மூடி உருண்டா கண்ணுக்கே தெரியாதுன்னு அக்காதான் புலம்பினாங்க. இது எங்க விழுந்தாலும் தெரியும். இந்தப் பயணத்துக்கு இதுதான் போகப் போகுது."

இந்தப் பெட்டி கப்பலுக்கா? மூடிதான் காரணம் என்றால், அக்கா அவ்வளவு தூரம் போய் மொண்டு வரும் தண்ணீர் மொத்தமும் வீண்!

"நிச்சயமா தெரியாம பேசக் கூடாது. அதனால சோதிச்சுப் பாக்கறேன் மாமா," என்றாள்.

சோதிக்கக் கடல்நீர் வேண்டும். மிச்சம் இருந்த தெளிவான தண்ணீர் இரட்டையரின் பாட்டிலில் மட்டும்தான்.

"தர மாட்டோம். எங்க பாட்டில் தெளிவா இருக்கு. நாங்க ஜெயிச்சாச்சு," என்றாள் ஒருத்தி.

"ஜெயிச்சாச்சு," என்றாள் இன்னொருத்தி.

ரேடியோ கெஞ்சினான், மிரட்டினான், தன் புது அழிப்பானைத் தருவதாகச் சொன்னான். எதுவும் பலிக்கவில்லை.

ஆமை மெதுவாகக் கேட்டாள். "நாளைக்கு உங்க மூடி கீழ விழுந்தா, எந்தப் பெட்டியில இருந்து எடுப்பீங்க?"

இரட்டையர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு இருவருமாகச் சேர்ந்து பாட்டிலை நீட்டினார்கள். "பாதிதான்!"

அந்தப் பாதியை ஆமை ஆறு சின்ன பாட்டில்களில் பிரித்தாள். மூன்றுக்கு வெள்ளை மூடி, மூன்றுக்குப் பழுப்பு மூடி.

"ஒண்ணு ஒண்ணு போதாதா?" என்றான் ரேடியோ.

"ஒண்ணுன்னா தற்செயல்னு சொல்லிடுவாங்க. மூணும் ஒரே மாதிரி ஆனா என்ன சொல்லுவாங்க?"

தண்ணீர் மூடியில் படும்படி ஆறையும் தலைகீழாக அடுக்கினாள். முதல் நாள் மாற்றமில்லை. அடுத்த நாளும் மாற்றமில்லை. ஒரு வாரம் போனது. ஆறும் அச்சடித்தாற்போல ஒரே மாதிரி தெளிவாக இருந்தன. "ஆமை தோத்துட்டா," என்று யாரோ முணுமுணுத்தார்கள். ஆமைக்கு அழுகை வந்தது. ஆனாலும் மறுநாள் வந்தாள். அதற்கு மறுநாளும் வந்தாள்.

கண்காட்சி அன்று காலை, முதல் ஆளாக வந்து குளிர்அலமாரியைத் திறந்தாள். ஒரு வெள்ளைத் தாளை பாட்டில்களுக்குப் பின்னால் பிடித்தாள்.

பழுப்பு மூடி போட்ட மூன்றிலும் பச்சை! லேசான, புல் முளைக்கும் முன் தெரிவது போன்ற பச்சை. வெள்ளை மூடி போட்ட மூன்றும் தெளிவு.

ஓட்டமாகக் கண்காட்சி மேசைக்கு வந்தாள். மேசையில் மூன்று பெரிய பாட்டில்கள்தான் இருந்தன. அவளுடையதைக் காணோம்.

"அதை அலமாரியில வெச்சுப் பூட்டியாச்சு. பெரியவங்க வர்ற நேரம். நீ போய் ஓரமா நில்லு," என்றார் சாவி மாமா.

"சாவியைக் குடுங்க மாமா."

"என்னது?"

"அது என் பாட்டில். அது கெட்டுப்போகல. நமக்கு ஒண்ணு சொல்லுது. நீங்க அதைப் பூட்டி வெச்சிருக்கீங்க." அவள் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. "அது இல்லாத மேசையில நான் நிக்க மாட்டேன்."

"நானும்!" என்றான் ரேடியோ.

"நாங்களும்," என்றார்கள் இரட்டையர், ஒரே குரலில். தங்கள் பாட்டிலையும் மேசையிலிருந்து தூக்கிக்கொண்டார்கள்.

சத்தம் கேட்டுக் கப்பல் அக்கா உள்ளே வந்தார். ஆமை ஆறு சின்ன பாட்டில்களையும் மேசையில் வரிசையாக வைத்தாள். பின்னால் வெள்ளைத் தாளைப் பிடித்தாள்.

அக்கா குனிந்தார். மூன்று பச்சை. மூன்று தெளிவு. ஒரு பழுப்பு மூடியைக் கழற்றி விரல்களுக்கிடையே உருட்டினார். அவர் முகம் மாறியது.

"இந்தப் பழுப்பு நிறம்..." என்று இழுத்தார். "பிளாஸ்டிக்ல துருப் பொடியைக் கலந்துதான் இந்த நிறத்தைக் கொண்டுவருவாங்க. துருன்னா இரும்பு! கடவுளே, பெட்டி வந்தன்னிக்கு நானும்தான் பாத்தேன். எனக்கு உறைக்கவே இல்லையே! மாமா, பெட்டி எங்க?"

சாவி மாமா துறைமுகப் பக்கம் கையைக் காட்டினார். "நேத்தே கப்பல்ல ஏத்தியாச்சு."

அடுத்த நொடி சாவி மாமா படியில் தடதடவென்று இறங்குவது கேட்டது. இடுப்புச் சாவி தெருக்கோடி வரை குலுங்கியது. போகும் அவசரத்திலும் அலமாரிச் சாவியை மட்டும் கழற்றி, ஆமையின் கையில் வைத்துவிட்டுத்தான் போனார்.

பார்வையாளர்கள் வந்தபோது மேசையில் நான்கு பாட்டில்களும் இருந்தன. அதிகக் கூட்டம் நின்றது நான்காவது பாட்டிலின் முன்னால்தான். ரேடியோ மூச்சுவிடாமல் கதை சொன்னான். ஆமை ஒவ்வொரு முறையும் இடையில் புகுந்து, "அது ஒன்பது நாள் இல்ல, பன்னெண்டு நாள்," என்று திருத்தினாள்.

மாலையில் மாமா வியர்த்து விறுவிறுத்துப் பெட்டியோடு திரும்பினார். பெட்டியை மேசையில் தொப்பென்று போட்டார்.

"இத்தனை மூடியை வெச்சு நான் என்ன பண்றது?"

"எங்களுக்குக் குடுங்க மாமா, விளையாட!" என்றான் ரேடியோ.

மாமா முறைத்தார். பிறகு சிரித்துவிட்டார். ஒரு மூடியை எடுத்துத் தன் சாவி வளையத்தில் கோத்துக்கொண்டார். "இனிமே எதை வாங்குறதுக்கு முன்னாடியும் இதைப் பாத்துக்கறேன். இல்லேன்னா ஆமை கிட்ட கேட்டுக்கறேன்."

அன்று இரவு, தம்பி டானிக் குடிக்க மாட்டேன் என்று வீட்டைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தபோது, ஆமை எழுதினாள்:

மார்ச் 28, சனி.

மூடிதான் காரணம். விட மாட்டேன் என்று அக்காவிடம் சொன்னது மரியாதைக் குறைவோ என்று இன்னும் யோசனையாக இருக்கிறது. ஆனால் மறுபடியும் அப்படித்தான் சொல்வேன்.

நாளைய வேலை: கப்பலுக்குப் போகும் வெள்ளை மூடிகளைக் கழுவ வேண்டும். மூன்று முறை.