ஆமை சுமந்த பூரிம் விருந்து

எருசலேமில் யூதர்களின் பூரிம் பண்டிகை வந்தால் தெருவே வேஷம் கட்டிக்கொள்ளும். ரெனானா அன்று ஆமையாகியிருந்தாள். முதுகில் அம்மாவின் பச்சை பிளாஸ்டிக் பேசின். படிக்கட்டில் திரும்பும்போதெல்லாம் அது சுவரில் 'டொக்' என்று இடித்தது.

பூரிம் நாளில் குறைந்தது இரண்டு ஏழைகளுக்காவது கொடுத்தாக வேண்டும். அது சட்டம். அம்மா பீட்ரூட் குழம்பில் கறி உருண்டைகள் செய்து, இரண்டு பாத்திரங்களில் ஊற்றித் தந்திருந்தார்.

"பொழுது சாயுறதுக்குள்ள குடுத்துடு. வழியில கொட்டாத!"

ஒரு பாத்திரத்தை மாடி வீட்டு நஜியா அத்தையிடம் கொடுத்தாயிற்று. அடுத்தது கீழ் வீட்டு சாசோன் மாமா.

மாமா கதவைத் திறந்தார். பாத்திரத்தைப் பார்த்ததும் அவர் முகம் வாடிவிட்டது.

"வேணாம்மா. எடுத்துட்டுப் போ."

"ஏன் மாமா? பசிக்கலையா?"

"பசிக்காம என்ன! ஆனா வாங்குற ஏழையும் ரெண்டு பேருக்குக் குடுக்கணும். எனக்கும் அதே சட்டம்தான். காலையில ஜெபக்கூட வாசல்ல ஒருத்தருக்குக் குடுத்துட்டேன். இன்னொருத்தருக்குக் குடுக்க வீட்டுல ஒண்ணுமில்ல. நான் மட்டும் வாங்கித் தின்னுட்டு உக்காந்திருக்கவா?"

ரெனானா பாத்திரத்தைப் பார்த்தாள்; மாமாவைப் பார்த்தாள்.

"இத நீங்க வாங்கிட்டா, இது உங்களோடதுதானே?"

"ஆமா."

"அப்போ இதையே குடுங்க! நஜியா அத்தை இருக்காங்கல்ல?"

மாமா ஒரு கணம் யோசித்தார். பாத்திரத்தை இரு கைகளாலும் வாங்கினார். மூடியைக்கூடத் திறக்காமல், அப்படியே அவள் கையில் திரும்ப வைத்தார்.

"கொண்டுபோய்க் குடும்மா. சாசோன் குடுத்தான்னு சொல்லு."

அவர் முதுகு நிமிர்ந்திருந்தது. ஆனால் கதவு மூடும்போது, உள்ளே வெறும் மேசை ரெனானாவின் கண்ணில் பட்டது.

ஐயையோ, மாமா இப்போது என்ன சாப்பிடுவார்? அதை அவள் யோசிக்கவே இல்லையே!

டொக், டொக் என்று மாடிக்கு ஓடினாள்.

நஜியா அத்தை முதல் பாத்திரத்தின் எதிரே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூடி திறக்கப்படவில்லை.

"ஏன் அத்தை, இன்னும் சாப்பிடலையா?"

"தொண்டைல இறங்காதுடி. நானும் இன்னும் ஒரு ஆளுக்குக் குடுக்கணும். பொழுது வேற சாயுது."

"இந்தாங்க. இது சாசோன் மாமா குடுத்தது."

அத்தை மூடியைத் திறந்து முகர்ந்தார். புருவம் உயர்ந்தது.

"இதுவும் உங்கம்மா சமையலாச்சே!"

"பூரிம் அன்னிக்குக் கேள்வி கேக்கக் கூடாது அத்தை."

"அடி வாயாடி! கை நீட்டுறவங்ககிட்டதான் கேள்வி கேக்கக் கூடாது. உன்கிட்ட நல்லாவே கேக்கலாம். இத எனக்குக் குடுத்துட்டு அந்த மனுஷன் எதைச் சாப்பிடுவாராம்?"

"நீங்க குடுக்கப்போறத."

 அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு சட்டென்று எழுந்தார். அலமாரியிலிருந்து நீலப் பூப்போட்ட பீங்கான் கிண்ணத்தை எடுத்தார். முதல் பாத்திரத்தில் இருந்ததை அதில் ஊற்றினார்.

"நான் குடுத்தா என் கிண்ணத்துலதான் குடுப்பேன்" என்றபடி, அரை எலுமிச்சம்பழத்தை அதில் பிழிந்தார். "உங்கம்மா எப்பவும் புளிப்பு கம்மியாதான் போடுவா."

ஜன்னலுக்கு வெளியே, எதிர் வீட்டுக் கூரையில் கொஞ்சம்தான் வெயில் ஒட்டியிருந்தது.

"ஓடு ஆமை, ஓடு!"

ஆமை ஓடியது. குழம்பு ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. பேசினில்தான் இரண்டு இடத்தில் கீறல் விழுந்தது.

"மாமா! நஜியா அத்தை உங்களுக்குக் குடுத்தாங்க!"

சாசோன் மாமா கிண்ணத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தார். பிறகு மேசைமுன் உட்கார்ந்து, ஒரு உருண்டையை வாயில் போட்டு, கண்களை மூடிக்கொண்டார்.

"ஆகா! நஜியா கைப்பக்குவமே தனி! உங்கம்மாவைப் போய்க் கத்துக்கச் சொல்லு."

ரெனானா உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள்.

"கண்டிப்பா சொல்றேன் மாமா."