வாய் திறக்காத பாட்டு

அடுப்பை ஊதுவதற்காகச் சந்திரகாந்தி பாட்டை நிறுத்தினாள். பாட்டு நிற்கவில்லை.

ஒரே ஒரு வரிதான். அவள் விட்ட இடத்திலிருந்து அடுத்த வரி, தகரக் கூரைக்குக் கீழே எங்கிருந்தோ, யாரோ வாயை மூடிக்கொண்டு முனகுகிற மாதிரி மெல்ல ஓடி முடிந்தது. ஈர விறகின் புகை கண்ணைக் கரித்தது. வெளியே மடுல்சீமை மலைப் பக்கமிருந்து இறங்கிய மூட்டம், பொழுது சாயும் முன்பே இஸ்தோப்புத் திண்ணை வரைக்கும் வந்து நின்றது. கூரையிலிருந்து நீர் சொட்டுகிற சத்தம், பக்கத்து வீட்டுக் காம்பிராவில் மாரியாயி அக்கா இருமுகிற சத்தம், கூண்டுக்குள் கோழிகள் இடம் மாறுகிற சத்தம், எல்லாம் வழக்கம்போல இருந்தன. வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீடுகளின் சுவர்கள் கூரை வரைக்கும் எழும்புவதில்லை. இங்கே தும்மினால் நாலு வீடு தள்ளி ஆயுசு நூறு என்பார்கள். யாராவது ரேடியோ போட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு அவள் மறுபடியும் ஊதினாள்.

ஆனால் அந்தப் பாட்டு எந்த ரேடியோவிலும் அப்படி வராது. அது ஜெயராசாவின் பாட்டு. அவர்கள் கல்யாணம் நடந்த வாரம் தோட்டத்துக் கோயில் ஒலிபெருக்கியில் ஓயாமல் ஓடிய ஏதோ ஒரு பழைய பாட்டு. சொற்கள் புருசனுக்கும் ஞாபகமில்லை, பெண்சாதிக்கும் ஞாபகமில்லை. அவர் வாயில் எந்நேரமும் வெற்றிலை கிடக்கும். அதனால் உதட்டைத் திறக்காமல் மெட்டை மட்டும் முனகுவார். கொழுந்து மூட்டை சுமக்கும்போதும் அதுதான், மகள் கௌசிகாவைத் தூங்க வைக்கும்போதும் அதுதான். இரண்டாவது வரியின் முடிவில் ஒரு வளைவு உண்டு. அவர் அங்கே கீழே இறங்குவார். கூடப் பாடும் சந்திரகாந்தி எப்போதும் தப்பாக மேலே ஏறிவிடுவாள்.

"நீ மேட்டு லயத்துக்குப் போற, நான் பள்ளத்து லயத்துக்குப் போறேன். இந்தக் குடும்பம் வெளங்கிரும்," என்று சிரிப்பார்.

அவர் செத்து இன்னும் மூன்று மாதம் ஆகவில்லை.

தேயிலை மலையில் குளவி கலைந்தால் ஓடக்கூடாது, சத்தம் போடக்கூடாது. குப்புறப் படுத்து, முகத்தை மண்ணில் புதைத்து, தலையை எதைக் கொண்டாவது மூடிக்கொண்டு கிடக்க வேண்டும். அன்றைக்கும் எல்லோரும் அப்படித்தான் கிடந்தார்கள், சந்திரகாந்தியைத் தவிர. அவள் வரிசையின் கடைசியில் ஒன்றும் தெரியாமல் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள். ஜெயராசா எழுந்து அவளை நோக்கி ஓடினார். "காந்தி, படு! படு காந்தி!" என்று கத்தினார். அவள் படுத்தாள். குளவிகள் சத்தம் வந்த இடத்துக்குப் போயின.

கூடு இருப்பதை அதற்கு முந்தின வாரமே அவர், மலையில் வேலை வாங்கும் கணக்கப்பிள்ளையிடம் சொல்லியிருந்தார். இந்தக் கொழுந்துப் பறிப்பு முடியட்டும், பார்ப்போம் என்று பதில் வந்தது. அவர் செத்த பிறகு ஆள் வந்து புகை போட்டுக் கூட்டைக் கலைத்தார்கள். ஒரு காலைப்பொழுதில் முடிந்துபோன வேலை. கலைந்தவை எங்கே போயின என்று யாரும் கேட்கவில்லை. சத்தம் போட்டது அவருடைய பிழை என்று தோட்டத்து ஆபீசில் சொன்னார்கள். பிழைதான். கட்டினவளின் பெயரைக் கூப்பிட்ட பிழை. நினைக்கிற போதெல்லாம் சந்திரகாந்திக்கு அடிநாக்கு வரை கசந்தது. அந்தக் கசப்போடு மறுபடியும் அதே மலையில் அதே கணக்கப்பிள்ளையிடம் பெயர் கொடுத்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

முதல் மாதம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. பிறகு ஒரு நாள் மலையிலிருந்து விழும் பீலித் தண்ணீரில் துணி அலசும்போது தன்னை அறியாமல் அந்தப் பாட்டை முனகினாள். நெஞ்சை அடைத்துக்கொண்டிருந்தது கொஞ்சம் விலகியது. அன்று வயிறாரச் சாப்பிட்டாள். அதிலிருந்து அதுதான் மருந்து. விடிந்தால் பாட்டு, பொழுது அடைந்தால் பாட்டு. அழுவதற்குப் பதிலாகப் பாட்டு. கௌசிகாவும் அதைக் கேட்டால்தான் கண் மூடினாள்.

மறுநாளும் கூரை அடுத்த வரியைப் பாடியது. அதற்கு மறுநாள் இரண்டு வரிகள். கூடவே ஒரு மணம் வந்தது. வெற்றிலை மணம் இல்லை, நனைந்து காய்ந்த மரப்பட்டையின் மணம். மழைக்காலத்தில் உத்திரம் உளுத்துப்போயிருக்கும் என்று அவள் அதைத் தள்ளிவிட்டாள். உண்மையில் எதையும் யோசிக்க அவளுக்கு விருப்பமில்லை. ஒரு சாயங்காலம் விளக்கைச் சின்னதாக்கிவிட்டு, கூரையைப் பார்த்து, "வந்துட்டீங்களா?" என்று கேட்டேவிட்டாள். கேட்ட பிறகு வெட்கமாகக்கூட இருந்தது. அவள் முனக, அதுவும் சேர்ந்து முனகியது. இத்தனை நாளில் அன்றைக்குத்தான் அவள் நிம்மதியாகத் தூங்கினாள்.

இஸ்தோப்பில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்த மாரியாயி அக்கா ஒரு நாள் அவளைக் கூப்பிட்டாள். முகத்தைப் பார்க்காமல் பேசினாள்.

"அந்தப் பாட்ட விட்டுரு புள்ள."

"விட்டுட்டு? ஆபீசுல போயி ஒப்பாரி வைக்கவா அக்கா?"

"நீ பாடுறதச் சொல்லலடி. நீ மலைக்குப் போனப்புறமும் கேக்குதே, அதச் சொல்றேன்."

சந்திரகாந்திக்குப் பயம் வந்திருக்க வேண்டும். வந்தது பொறாமைதான். தான் இல்லாத நேரத்திலும் அவர் வந்துபோகிறார், அதை இந்தக் கிழவி கேட்கிறாள் என்று பொருமினாள்.

அன்று மாலை கௌசிகாவுக்குக் காய்ச்சல். பிள்ளையை அணைத்துக்கொண்டு கட்டிலில் படுத்தாள். களைப்பு. தொண்டையும் கட்டியிருந்தது. இன்றைக்கு அவரே பாடட்டும் என்று வாயை மூடிக்கொண்டு கிடந்தாள். கூரைக்குக் கீழே பாட்டு தொடங்கியது. இதுவரைக்கும் அவள் கூடச் சேர்ந்துதான் பாடியிருக்கிறாள். முழுப் பாட்டையும் சும்மா இருந்து கேட்டதில்லை. முதல் வரி ஓடியது. இரண்டாவது வரி ஓடியது. வளைவு வந்தது.

மேலே ஏறியது.

கண்ணைத் திறந்தாள். இருட்டில் கூரை தெரியவில்லை. பாட்டு மறுபடியும் முதலிலிருந்து வந்தது. மறுபடியும் அந்த வளைவு. மேலேதான் ஏறியது. ஏறுகிற இடத்தில் அவள் குரல் லேசாக உடையும். அதுவும் அங்கே உடைந்தது.

ஜெயராசா விளையாட்டுக்குக்கூட அப்படிப் பாடியதில்லை. இந்தப் பிழை அவளுடையது. உலகத்திலேயே அவள் ஒருத்தியுடையது. மேலே இருப்பது எதுவோ, அது பாட்டை அவரிடம் கேட்டுப் பழகவில்லை. அவளிடம் கேட்டுப் பழகியிருக்கிறது. காலையிலும் மாலையிலும் அவள்தான் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்திருக்கிறாள்.

இப்போது காது கூர்ந்து கேட்டாள். கம்மிய தொண்டை என்று இத்தனை நாள் நினைத்தது தொண்டையே இல்லை. ஒரு குரலும் இல்லை. பல. மிகச் சிறியவை. எண்ண முடியாதவை. எல்லாம் ஒரே மெட்டில்.

விடியும் வரை பிள்ளையைப் போர்வைக்குள் வைத்து, அசையாமல் கிடந்தாள்.

மறுநாள் போயா, பௌர்ணமி விடுமுறை. வேலை இல்லை. லயத்தில் பாதிப் பேர் கோயிலுக்கும் கடைக்கும் போயிருந்தார்கள். ஹாலிஎலயில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்குப் போய்விடுவது என்று சந்திரகாந்தி முடிவு செய்தாள். இரண்டு பையில் துணியைத் திணித்தாள். கௌசிகா காய்ச்சல் கண்ணோடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பாவும் வருவாரா?"

"வரமாட்டாரு. அது அப்பா இல்ல."

"அப்பாதான். எனக்குத் தெரியும்."

லயத்தில் போனுக்கு சிக்னல் கிடையாது. மேலே கோயில் வளைவுக்கு ஏற வேண்டும். தூறல் போட்டது. காய்ச்சல்காரப் பிள்ளையை நனைய விட மனமில்லாமல், தூக்கிக்கொண்டு போய் மாரியாயி அக்காவின் மடியில் வைத்தாள். எங்கள் காம்பிராப் பக்கம் மட்டும் விடாதீர்கள் என்று கெஞ்சினாள். அக்கா பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

வளைவில் நின்று ஆட்டோக்கார அர்ஷாத்தைப் போனில் பிடித்தாள். தெரிந்த பையன்.

"மூட்டம் கூட அக்கா. மெதுவாத்தான் வரணும். லயத்துக்குக் கீழ வந்து ஹோன் அடிக்கிறேன், நீங்க பிள்ளையோட எறங்கி வாங்க."

"சீக்கிரம் வாங்க தம்பி," என்றாள். அழுகை வந்தது.

இறங்கும்போது மூட்டம் இன்னும் இறுகியிருந்தது. கால் வைக்கிற படி மட்டும் தெரிந்தது. பாதி வழியில் அவளுக்கு உறைத்தது. நாய் குரைக்கவில்லை. கோழிகள் சத்தம் இல்லை. லயம் முழுக்க மூச்சை அடக்கிக்கொண்டிருந்தது.

வாசலில் மாரியாயி அக்கா குப்புறக் கிடந்தாள். முகம் மண்ணில். தலைக்கு மேல் சேலை. செத்துவிட்டாளா என்று சந்திரகாந்தி குனிந்தாள். முதுகு மெல்ல ஏறி இறங்கியது. சேலைக்குள்ளிருந்து காற்றுப்போல ஒரு குரல்.

"சத்தம் போடாத."

பிறகு, "புள்ள அப்பான்னு உள்ள ஓடிருச்சு."

காம்பிராக் கதவு பாதி திறந்திருந்தது. பாட்டு வந்துகொண்டிருந்தது. இப்போது கூரையிலிருந்து இல்லை.

கட்டிலில் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தது.

மூட்டை சுமந்து சுமந்து இறங்கிப்போன இடது தோள். அதே தோள். உடம்பு முழுக்க மண்ணும் மஞ்சளும் கலந்த நிறம். ஓரங்கள் நிலையாக இல்லை. ஊர்ந்தன. முகம் வீங்கியிருந்தது. கண்ணில்லை. உதடு எங்கே என்று தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் துணியை விலக்கிக் காட்டிய அந்த முகம். அந்தக் குளவிகள் அவரிடம் கடைசியாகப் பார்த்ததும் அந்த முகத்தைத்தான்.

அதன் மடியில் கௌசிகா. தூங்கவில்லை. கண் விரிந்திருந்தது. அவள் கன்னத்தின் மேல் அதன் கை.

சந்திரகாந்தியின் தொண்டைக்குள் அலறல் ஏறியது. பல்லைக் கடித்து விழுங்கினாள்.

இரண்டாவது வரி முடிந்தது. பாட்டு நின்றது. அது காத்திருந்தது. தோளின் ஓரம் சிலிர்த்தது. ஆயிரம் சின்னச் சிறகுகள் ஒரே நேரத்தில் எழும்பின. கௌசிகாவின் உதடு நடுங்கியது.

அவளுக்குப் புரிந்துவிட்டது. மூன்றாவது வரியை முனகினாள்.

சிறகுகள் படிந்தன.

நான்காவது வரி. ஒரு அடி எடுத்து வைத்தாள். மறுபடியும் முதலிலிருந்து. இன்னொரு அடி. மூச்சு முட்டியது. மூச்சு இழுக்க நிறுத்தினால் சிலிர்த்தது. இழுக்காமல் பாடினாள். பாட்டில் ஆறுதல் இல்லை. ஒரு துளிகூட இல்லை. கட்டில் வந்துவிட்டது. கையை நீட்டினாள். கௌசிகா ஒரு விரலை மட்டும் அசைத்து அம்மாவின் பக்கம் நீட்டினாள். இன்னும் ஒரு சாண்.

கீழே, மூட்டத்துக்குள், ஒரு ஆட்டோ உறுமிக்கொண்டு மேட்டில் ஏறியது.

வேண்டாம் தம்பி. வேண்டாம்.

அவள் இன்னும் உரக்க முனகினாள். ஆட்டோ நின்றது. அர்ஷாத் சொன்ன சொல் தவறாத பையன்.

ஹோன் அடித்தான்.

பிள்ளையின் கன்னத்தில் இருந்த அந்தக் கை, சுண்டு விரலிலிருந்து தொடங்கி, ஒவ்வொன்றாகக் கலைய ஆரம்பித்தது.