தினைமாவு நட்சத்திரங்கள்

"அக்கா, சத்தியமாச் சொல்லுங்க... இதுல மைதா போட்டீகளா, இல்லையா?"

காலை ஏழு மணிக்கு, காபிகூட இறங்காத வீட்டில் கேட்கிற கேள்வியா இது! கையில் பிஸ்கட் டப்பாவோடு அடுப்படி வாசலை மறித்துக்கொண்டு நின்றாள் சுகிர்தா. தலை வாரவில்லை, கண் இரண்டும் சிவந்து கிடந்தன. உள்ளே குளியலறையில் அவள் மகள், எட்டு வயது பிரீத்திகா, விடிந்ததிலிருந்து மூன்றாவது தடவையாக வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள்.

ஞானசுந்தரி அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள்.

"போடல."

"பாலு? நெய்யி?"

"மைதாவும் போடல, பாலும் விடல, நெய்ய மோந்துகூடப் பாக்கல. வேற என்ன கேக்கணுமோ கேளு."

"அப்ப எம்புள்ள ஏன் இப்பிடி வயித்தப் பிடிச்சுக்கிட்டுத் துடிக்கா? நேத்து உங்க பிஸ்கட்டத் தவிர வேற எதையும் அவ புதுசாத் திங்கலியே! அன்னைக்கு மாதிரி இன்னைக்கும்... ஒரு துளிதானேன்னு..."

அன்னைக்கு மாதிரி. அந்தச் சொல் ஞானசுந்தரியின் நெஞ்சில் சரியாகப் போய்த் தைத்தது. ஏனென்றால் அந்த 'அன்னைக்கு' நடந்தது உண்மை.

ஞானசுந்தரி அந்த வீட்டின் மூத்த மருமகள். அவள் கணவர் சீனிவாசகமும் கொழுந்தன் ராஜபாண்டியனும் சிவகாசிக்குப் பக்கத்தில் நாரணாபுரத்தில் பட்டாசுக் கம்பெனி நடத்துகிறார்கள். அவளுக்குப் பிள்ளை இல்லை. இளைய மருமகள் சுகிர்தா பெற்ற பிரீத்திகாவுக்குத்தான் அவள் பெரியம்மா, பாதி அம்மா. இரண்டு வருஷத்துக்கு முன்னால் மதுரை டாக்டர் ஒருவர் பிள்ளையைச் சோதித்துவிட்டு, "கோதுமை, மைதா, ரவை எதுவும் ஆயுசுக்கும் ஆகாது. குடல் தேறும்வரை பாலும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். அந்த முதல் மாதத்தில், பிள்ளை ஏக்கத்தோடு பார்க்கிறதே என்று மனசு கேட்காமல், 'ஒரு வாய்ல என்ன ஆயிரப் போகுது' என்று ஒரு துண்டு சப்பாத்தி ஊட்டிவிட்டாள் ஞானசுந்தரி. பிள்ளை மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தது. யாரும் கண்டுபிடிக்கும் முன்பே, நான்தான் ஊட்டினேன் என்று அவளே வாய்விட்டுச் சொன்னாள். சொன்ன கையோடு வீட்டிலிருந்த கோதுமை மாவு, மைதா, சேமியா எல்லாவற்றையும் வெளியேற்றினாள். விருதுநகர் போனால் எண்ணெய்ப் பரோட்டா பார்சலோடு வந்து இறங்குகிற சீனிவாசகம், அதன்பிறகு கடையிலேயே தின்றுவிட்டு வரக் கற்றுக்கொண்டார்.

இந்த பிஸ்கட்டுக்கும் ஒரு காரணம் இருந்தது. சுகிர்தாவின் அம்மா வீடு சாத்தூரில். வேதக்காரக் குடும்பம். 'சாமி வேறயாச்சே' என்று சீனிவாசகம் முறுக்கிக்கொண்டபோது, "பொண்ணு நல்ல பொண்ணு, வேறென்ன வேணும் உங்களுக்கு?" என்று கல்யாணத்தை முடித்து வைத்ததே ஞானசுந்தரிதான். போன கிறிஸ்துமஸுக்கு அங்கே மற்ற பிள்ளைகள் பிஸ்கட்டும் கேக்குமாகத் தின்ன, பிரீத்திகா ஒரு வாழைப்பழத்தை வைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தாளாம். வந்து சொல்லி அழுதாள். "அடுத்த வருசம் நீ நட்சத்திர பிஸ்கட்டோட போற, இது பெரியம்மா பேச்சு" என்று ஞானசுந்தரி வாக்குக் கொடுத்தாள். பிறந்ததிலிருந்து பணியாரமும் சீடையும் சுட்ட கை அது. மின்சார அடுப்பில் பிஸ்கட் சுட்டு அறியாது. முதல் தடவை வந்ததைக் கடித்துப் பார்த்த சீனிவாசகம், "இத நம்ம கம்பெனிக்குக் குடு, அணுகுண்டுக்குள்ள வச்சு அடைக்கலாம்" என்றார். இரண்டாம் தடவை எடுக்கும்போதே மணலாக உதிர்ந்தது. நாலாவது தடவைதான் வழிக்கு வந்தது. வறுத்த தினைமாவு, பச்சரிசி மாவு, கருப்பட்டிப் பாகு, தேங்காய் எண்ணெய், கொஞ்சம் சுக்கு, உதிராமல் பிடித்துக்கொள்ள மசித்த செவ்வாழை. சீனியும் கிடையாது. மில்லில் தனக்கு முன்னால் எவள் கோதுமை அரைத்துவிட்டுப் போனாளோ என்று, மாவைக்கூட வீட்டில் தனி மிக்ஸி ஜாரில்தான் அரைத்தாள்.

இவ்வளவு செய்தவளைத்தான் இப்போது நிற்க வைத்துக் கேட்கிறார்கள்.

"உண்மையச் சொல்றதுக்கு எனக்கு என்ன பயம்?" என்றாள் ஞானசுந்தரி. "அன்னைக்குச் செஞ்சத அன்னைக்கே சொன்னேன். இன்னைக்குச் செய்யல. அதையும் சொல்றேன்."

சுகிர்தா டப்பாவைக் குப்பைக் கூடையில் கவிழ்த்தாள். தினைமாவு நட்சத்திரங்கள் காய்கறித் தோலோடு தோலாக விழுந்தன. எண்பது நட்சத்திரங்கள்!

அப்போதுதான் ராஜபாண்டியன் வந்தான். பிள்ளையைத் தூக்கிப் படுக்க வைத்துவிட்டு வந்ததில் சட்டை ஈரமாக இருந்தது. மதினியின் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் பேசினான்.

"மதினி... நான் ரெண்டு மாசமாச் சொல்லணும்னு இருந்தேன். மதுரையில ஒரு வீடு பாத்திருக்கேன். டாக்டருக்கும் பக்கம். நாங்க அங்கன போயிருதோம். புள்ள அவ அம்மா கையால மட்டும் சாப்பிட்டா... அதான் நல்லதுன்னு தோணுது."

ஞானசுந்தரி அந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது இந்த ராஜபாண்டியனுக்குப் பதினோரு வயது. அடுத்த வருஷமே மாமியார் போய்ச் சேர்ந்தார். ஞானசுந்தரிக்கு அந்த மாதம்தான் பேங்க்கில் வேலைக்கு உத்தரவு வந்திருந்தது, திருச்சியில். சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து, 'அம்மா இல்லாமச் சோறு எறங்கல மதினி' என்று விம்மிய பையனைப் பார்த்தாள். உத்தரவை மடித்து பீரோவில் வைத்துவிட்டாள். இருபத்தைந்து வருஷத்தில் அதை இரண்டே தடவைதான் சொல்லிக் காட்டியிருக்கிறாள், இரண்டும் புருஷனிடம். இவனிடம் ஒரு தடவைகூட இல்லை. அந்தப் பையன்தான் இப்போது, 'அம்மா கையால மட்டும்' என்கிறான்!

"விடு சுந்தரி, சின்னஞ்சிறுசுக பதட்டத்துல பேசுதுக..." என்று சீனிவாசகம் ஹாலிலிருந்து இழுத்தார்.

"நீங்க செத்த சும்மா இருங்க." அவள் குரல் உயரவும் இல்லை, தழுதழுக்கவும் இல்லை. "மதுரைக்குப் போறதுன்னா போங்க, அது உங்க இஷ்டம். ஆனா, புள்ளைக்கு ஆகாதத ஊட்டினவங்கிற பேரோட நான் இங்கன உக்கார மாட்டேன். என்ன நடந்துச்சுன்னு சாயந்தரத்துக்குள்ள சொல்றேன். அதுவரைக்கும் யாரும் பெட்டியக் கட்ட வேண்டாம்."

டாக்டருக்கு ராஜபாண்டியன் போன் போட்டான். அவர் சொன்ன மருந்தில் பத்து மணிக்கு வாந்தி நின்றது. ஞானசுந்தரி உப்பும் சர்க்கரையும் கரைத்த தண்ணீரைக் கரண்டி கரண்டியாகப் பிள்ளைக்குக் கொடுக்கச் சொல்லி, டம்ளரைச் சுகிர்தா கையில் கொடுத்துவிட்டு விலகி நின்றாள்.

அழுதுகொண்டிருந்தால் மூளை ஓடாது என்பது அவள் அனுபவம். அதனால் அழவில்லை, யோசித்தாள். இதே மாவு, இதே பாகு, இதே பிஸ்கட். கார்த்திகை முழுக்க வாரத்துக்கு இரண்டு நாள் பிரீத்திகா தின்றிருக்கிறாள். வயிறு ஒரு தடவை முனகியது கிடையாது. நேற்று மட்டும் ஏன்? அப்படியானால் பிஸ்கட் புதுசில்லை. புதுசாக வந்தது வேறு ஏதோ. என்ன அது?

மத்தியானம் சுகிர்தா குளிக்கப் போன நேரம், ஞானசுந்தரி பிள்ளையின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். பிரீத்திகா கண்ணைத் திறந்து, "பெரியம்மா..." என்று கையை நீட்டினாள். அந்தக் கையைப் பிடித்தவள் உற்றுப் பார்த்தாள். ஐந்து விரல் நகக்கண்ணிலும் வெள்ளையாக என்னவோ காய்ந்து ஒட்டியிருந்தது.

"இது என்ன தங்கம்?"

"பசை பெரியம்மா. லீவு விட்டாச்சுல்ல, நேத்து ஸ்டார் ஒட்டுனேன்ல!" பிள்ளை மூலையைக் காட்டியது. தங்கக் காகிதத்தில் செய்த பெரிய கிறிஸ்துமஸ் நட்சத்திரம் அங்கே சாய்ந்து நின்றது. பக்கத்தில் ஒரு கிண்ணம். "பிரஷ் வேண்டாம், கம்பெனில எல்லாரும் கையாலதான் ஒட்டுவாகன்னு அங்கன பசை காய்ச்சுற கருப்பம்மாக்கா சொன்னாக. பிஸ்கட்டத் தின்னுக்கிட்டே ஒட்டுனேன்."

"பசை யாரு குடுத்தா?"

"அம்மாதான், துத்தம் போடாமக் காய்ச்சித் தாங்கன்னு கருப்பம்மாக்காட்ட கேட்டு வாங்குனாக."

ஞானசுந்தரி கிண்ணத்தை எடுத்துப் பார்த்தாள். அடியில் இரண்டு விரற்கடை பசை இறுகிக் கிடந்தது.

சிவகாசிக்கு லாரி லாரியாக மைதா வந்து இறங்குகிறதே, அத்தனையும் வயிற்றுக்கா போகிறது? பாதிக்கு மேல் பசைக்கு. வெடிக்குழாய் உருட்டவும் பெட்டி ஒட்டவும் அண்டா அண்டாவாகக் காய்ச்சுவார்கள். பூச்சி அரிக்காமல் இருக்க அதில் மயில்துத்தம் போடுவார்கள், துத்தம் விஷம். இந்த ஊரில் பசை என்றால் பெற்றவர்கள் பயப்படுவது அந்தத் துத்தத்துக்குத்தான். சுகிர்தாவும் நல்ல தாயாக அதற்குப் பயந்தாள். மைதாவுக்குப் பயப்பட அவளுக்குத் தோன்றவில்லை. அடுப்படியில் இருந்தால் அது மைதா. கிண்ணத்தில் கூழாக இருந்தால் அது பசை.

ஜெயித்துவிட்டோம் என்று ஒரு நிமிஷம் அவளுக்கு உடம்பெல்லாம் குதித்தது. மறுநிமிஷம் அந்தத் தாயை நினைத்து மனசு கனத்தது. இதை அவளிடம் எப்படிச் சொல்வது?

சுகிர்தா வந்ததும் கதவைச் சாத்தினாள். பிள்ளையின் விரல்களை விரித்துக் காட்டினாள்.

"இதப் பாரு."

"பசைக்கா. துத்தம் கிடையாது, நான் பக்கத்துலயே நின்னு பாத்தேன்."

"துத்தம் கிடையாது, சரி. பசைய எதுலம்மா காய்ச்சுவாக?"

சுகிர்தா கிண்ணத்தைப் பார்த்தாள், பிள்ளையின் விரலைப் பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஐயோ... நானா! எங்கையாலயா!"

"சத்தம் போடாத, புள்ள பயப்படும்." ஞானசுந்தரி அவள் தோளைப் பிடித்தாள். "அந்தக் கிண்ணத்தத் தாண்டி நானும்தான் நேத்து நாலு தடவ நடந்தேன். எனக்குத் தோணுச்சா? வெளிய போயி பசையில இருந்துச்சுன்னு மட்டும் சொல்லுவோம். யாரு காய்ச்சச் சொன்னதுன்னு யாருக்கும் தெரிய வேண்டாம்."

சுகிர்தா அந்தக் கையை விலக்கிவிட்டு எழுந்தாள். நேராக ஹாலுக்குப் போனாள். சோபாவில் உட்கார்ந்திருந்த அண்ணன் தம்பி இருவருக்கும் முன்னால் நின்று, "பிஸ்கட்ல ஒண்ணுமில்ல. மைதாப் பசை. காய்ச்சச் சொல்லி வாங்கி எம்புள்ள கையில குடுத்தது நான். பழியத் தூக்கிப் போட்டது அக்கா மேல!" என்று உரக்கச் சொன்னாள். சொல்லிவிட்டு, பின்னாலேயே வந்த ஞானசுந்தரியின் காலில் விழப் போனாள். ஞானசுந்தரி பாதியிலேயே தாங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். காலையிலிருந்து தேக்கி வைத்த அழுகை இரண்டு பேருக்கும் ஒன்றாக உடைந்தது.

"மன்னிச்சிருங்கக்கா... அந்த டப்பாவக் கவுத்த கைய ஒடிச்சுப் போடலாம் போல இருக்கு..."

"ஒடிச்சிட்டா நாளைக்கு எனக்கு மாவு பெசஞ்சு தர ஆளு? அளாத. நீ பெத்தவ. துடிச்ச, கேட்ட. கேக்கலன்னாதான் தப்பு."

"மதினி..." என்று ராஜபாண்டியன் எழுந்தான்.

அவனைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது.

"ஏலே பாண்டி, எனக்கு அவ மேல கோவமில்ல. உம்மேலதாம்லே. அவ இந்த வீட்டுக்கு வந்து பத்து வருசம். என் கை அவளுக்கு எம்புட்டுத் தெரியும்? உனக்குத் தெரியாதா? உனக்குமாலே தெரியாமப் போச்சு!"

அவன் குனிந்த தலை நிமிரவில்லை. முப்பத்தேழு வயசு மனுஷன், நூறு பேருக்குச் சம்பளம் போடுகிறவன், துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு வாசல் பக்கம் போய்விட்டான். மதுரை வீட்டுக்காரருக்குப் போன் போட்டு, வேண்டாம் என்று அவன் சொன்னது உள்ளே எல்லாருக்கும் கேட்டது.

மறுநாள் காலையில் இரண்டு பெண்களும் அடுப்படியில் மறுபடி மாவு பிசைந்தார்கள். சாயங்காலம் சாத்தூர் போயாக வேண்டும். பிரீத்திகா நகம் வெட்டிய விரல்களோடு மேடையில் உட்கார்ந்து, எத்தனை நட்சத்திரம் என்று எண்ணிக்கொண்டிருந்தாள். இந்தத் தடவை எண்பது போதாது, சித்தி பிள்ளைகளும் இதையேதான் தின்ன வேண்டும் என்பது அவள் உத்தரவு.

முதல் தட்டு வெளியே வந்தபோது வாசலில் ராஜபாண்டியன் நின்றான். உள்ளே வரவும் இல்லை, போகவும் இல்லை. நேற்றிலிருந்து அவன் ஒரு வாய் சாப்பிடவில்லை என்பது ஞானசுந்தரிக்குத் தெரியும்.

"என்னலே?"

"எனக்கு ஒண்ணு... குடுங்க மதினி."

"தட்டுல இருக்கு. எடுத்துக்கோ."

அவன் எடுக்கவில்லை. மனைவி பார்க்கிறாள், மகள் பார்க்கிறாள் என்ற கூச்சம் இல்லாமல், கையைக் கட்டிக்கொண்டு, சின்னப் பையனைப் போல வாயைத் திறந்து நின்றான்.

ஞானசுந்தரிக்குக் கண் மறைத்தது. ஒரு நட்சத்திரத்தை எடுத்து, "சுடும்லே, பொறு" என்று சொல்லி, ஊதி ஊதி ஆற்றி, அவன் வாயில் வைத்தாள்.